நகையும் நாணயமும்

திருக்குறளில் 'அவையஞ்சாமை' என்றோர் அதிகாரம் உண்டு. அதனை முப்பத்தைந்து ஆண்டுகள் மாணவர்க்குக் கற்பித்தவன் நான். ஆயினும் அவையைக் கண்டு அஞ்சாதவன் என்று சொல்லிக்கொள்ளும் துணிவு எனக்கு இல்லை. ஆசிரியப் பணி ஏற்ற முதலாண்டில், அண்டை ஊர்க் கோயில் விழாவில் சொற்பொழிவாற்ற என்னை அழைத்திருந்தனர். சொல்ல வேண்டியவற்றையெல்லாம் பதினைந்து சிறு தாள்களில் வரிசையாக எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சென்றேன். பேசத் தொடங்கிச் சிறிது நேரம்கூட ஆகவில்லை, மின்விளக்குகள் அணைந்துவிட்டன. எங்கோ ஒரு மூலையில் தொங்கிய விளக்கின் மங்கிய ஒளியில் தாள் தெரிந்தது; எழுத்துத் தெரியவில்லை. திருஞானசம்பந்தரைப் பற்றித் தொடங்கிய பேச்சு, எவ்வாறோ கண்ணப்பரிடம் சென்று முடிந்தது. முன்வரிசையில் அமர்ந்திருந்த மூதாட்டி ஒருவர், "தம்பி நன்றாகத்தான் பேசுகிறது, யாரைப் பற்றி என்பதுதான் விளங்கவில்லை" என்றார்.

மறுநாள் பள்ளியில், ஆங்கிலம் கற்பித்த நண்பரிடம் இதனைச் சொல்லி வருந்தினேன். அவர் வாய்விட்டுச் சிரித்து, "தமிழையா, வருந்தாதீர்கள். இந்தத் தாள் தொல்லை மார்க் டுவெய்னையே படாத பாடு படுத்தியிருக்கிறது" என்றார். அன்று தொடங்கி உணவு இடைவேளைகளில் அவர் சிறிது சிறிதாகச் சொல்லக் கேட்டும், பின்னர் நானே நூல்களைத் தேடிப் பயின்றும், அம்மனிதரின் மேடை வாழ்வை அறிந்தேன். சிரிப்பைத் தொழிலாகக் கொண்ட ஒருவர் இத்துணை இடர்ப்பட்டிருக்கக் கூடும் என்று நான் அதற்குமுன் எண்ணியதில்லை.

மார்க் டுவெய்ன் என்பது புனைபெயர். பெற்றோர் இட்ட பெயர் சாமுவேல் லாங்ஹார்ன் கிளெமென்ஸ். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் மிசௌரி மாநிலத்தில் 1835ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் பிறந்து, மிசிசிப்பி ஆற்றங்கரையில் உள்ள ஹானிபல் என்னும் ஊரில் வளர்ந்தார். பதினோரு வயதில் தந்தையை இழந்தார். இளமையிலேயே அச்சகத்தில் சேர்ந்து எழுத்துக் கோக்கக் கற்றார். பின்பு மிசிசிப்பி ஆற்றில் நீராவிக் கப்பல் செலுத்தும் மீகாமன் ஆனார். ஆற்றின் ஆழத்தைக் கயிறு விட்டு அளப்போர், இரண்டு பாகம், அதாவது 12 அடி ஆழம் கண்டால் 'மார்க் டுவெய்ன்' என்று குரல் கொடுப்பர். கப்பல் அச்சமின்றிச் செல்லலாம் என்பது அதன் பொருள். அக்குரலையே 1863ஆம் ஆண்டில் அவர் தம் புனைபெயராக்கிக் கொண்டார். அவர் வாழ்க்கையில் ஆழம் அறியாமல் கால்வைத்த இடங்களும் உண்டு. அவற்றைப் பின்னர்க் காண்போம்.

1866ஆம் ஆண்டில் ஒரு செய்தித்தாளுக்காக அவர் ஹவாய்த் தீவுகளுக்குச் சென்று, சில திங்கள் தங்கி, அங்குக் கண்டவற்றை எழுதியனுப்பினார். சான் பிரான்சிஸ்கோ நகருக்குத் திரும்பியபோது கையில் பொருளும் இல்லை. செய்யத் தொழிலும் இல்லை. அத்தீவுகளைப் பற்றிச் சொற்பொழிவு நிகழ்த்தினால் என்ன என்று தோன்றியது. நண்பர்கள் வேண்டா என்று தடுத்தனர். செய்தித்தாள் ஆசிரியர் ஒருவர் மட்டும் முதுகில் தட்டிக்கொடுத்து, ஊரிலேயே பெரிய அரங்கை எடுக்குமாறும், நுழைவுச்சீட்டுக்கு ஒரு டாலர் வைக்குமாறும் ஊக்கினார். 50 டாலர் வாடகைக்கு நாடக அரங்கு ஒன்றைப் பேசினார், அதுவும் கடனாகத்தான். விளம்பரத்திற்கு 150 டாலர் ஆயிற்று. சுவரொட்டியில், வாயிற்கதவு 7 மணிக்குத் திறக்கப்படும் என்று அறிவித்து, தொல்லை 8 மணிக்குத் தொடங்கும் என்று சேர்த்திருந்தார். கடனில் தொடங்கியது அம்மேடை வாழ்வு என்பதனை மாணவர்கள் நினைவிற் கொள்க.

அக்டோபர் 2ஆம் நாள் வந்தது. அன்று தாம் பட்ட பாட்டை அவரே பிற்காலத்தில் சுவைபட எழுதியிருக்கிறார். எவரும் சிரிக்காவிட்டால் என் செய்வது என்று அஞ்சி, உரத்த குரலுடைய நண்பர் மூவரை மக்கள் நடுவே அமர்த்தி, நகைச்சுவை தோன்றும் இடமெல்லாம் ஆரவாரம் செய்யுமாறு ஏற்பாடு செய்தார். சிறப்பிருக்கையில் அமர்ந்த ஓர் அம்மையாரிடம், "நான் உங்களை நோக்கிப் புன்னகை செய்தால் அது குறிப்பு, உடனே சிரித்துவிடுங்கள்" என்று கேட்டுக்கொண்டார். மாலை 4 மணிக்குச் சென்று பார்த்தபோது சீட்டு விற்குமிடம் பூட்டியிருந்தது. ஒருவரும் வாங்கவில்லை என்றே முடிவு செய்தார். 6 மணிக்குச் சந்துகளின் வழியே ஒளிந்து வந்து, இருண்ட மேடையின் பின்னே பதுங்கிக் கிடந்தார். சிறிது சிறிதாக ஆரவாரம் எழுந்தது. அது என்ன என்று தெளியுமுன்பே மேடையின் நடுவில் நின்றுகொண்டிருந்தார். அரங்கு நிரம்பி வழிந்தது. அவர் உடலோ நடுநடுங்கியது.

பேச்சு நடந்தது, சிரிப்பும் எழுந்தது. இடையே உள்ளம் உருகும் பகுதி ஒன்றனை அவர் மிக்க ஆர்வத்துடன் சொன்னார். அவை அசைவற்றுக் கேட்டது. தம் வெற்றியை எண்ணி மகிழ்ந்த அவர், தம்மை அறியாமல் அந்த அம்மையாரை நோக்கிப் புன்னகைத்துவிட்டார். அம்மையார் சொன்ன சொல் தவறாதவர், உடனே சிரித்தார். அவ்வளவுதான், அரங்கம் முழுவதும் இடியெனச் சிரித்தது. உருக்கம் போயிற்று, ஆனால் அன்றைய சிரிப்புகளில் அதுவே பெரிது.

அதன் பின்னர்ச் சுரங்க ஊர்கள் பலவற்றிற்குச் சென்று பேசினார். ஓரிரவு பேசிவிட்டு மலைப்பாதையில் திரும்பும்போது, முகமூடி அணிந்த கள்வர் அவரை மறித்துப் பணத்தையும் கடிகாரத்தையும் பறித்துக்கொண்டனர். கள்வர் வேறு யாருமல்லர், அவருடைய நண்பர்களே. பொருளைத் திருப்பிக் கொடுத்து, இதனையே வைத்து இன்னொரு சொற்பொழிவு செய்யலாமே என்றனர். பிறரை நகைப்பிப்பதில் வல்ல அவர், தம்மை வைத்து விளையாடிய இந்த நகையைப் பொறுத்துக்கொள்ளவில்லை. பெரியோரிடமும் சிறு குறைகள் உண்டல்லவா?

அந்நாளில் அமெரிக்காவில் சொற்பொழிவு ஒரு பெருந்தொழிலாக விளங்கியது. 1826ஆம் ஆண்டில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஜோசையா ஹால்புரூக் என்பவர் தொடங்கிய 'லைசியம்' என்னும் கல்விக் கழகங்கள் ஊர்தோறும் பரவின. திரைப்படமும் வானொலியும் இல்லாத காலம். குளிர்காலத்து நீண்ட இரவுகளில் அறிஞர்களை அழைத்துப் பேசச் செய்து, மக்கள் சீட்டு வாங்கிக் கேட்டனர். 1868ஆம் ஆண்டில் ஜேம்ஸ் ரெட்பாத் என்பார் பாஸ்டன் நகரில் ஒரு நிலையம் அமைத்து, பேசுவோரையும் ஊர்களையும் இணைத்துப் பயணத்தை வகுத்து, நூற்றுக்குப் பத்து வீதம் கூலி பெற்றார். மார்க் டுவெய்னும் அவர்வழி ஊர் ஊராய்ச் சென்றார். ஓரிரவுப் பேச்சுக்கு 100 டாலர் கிடைத்தது. ஆனால் அதற்கு அவர் கொடுத்த விலை பெரிது. விடியுமுன் எழுந்து புகைவண்டி பிடிக்க வேண்டும்; பனியில் நடுங்க வேண்டும்; சுவையற்ற உணவை விடுதியில் உண்ண வேண்டும். மாலையில் வரவேற்புக் குழுவினர் வந்து, தலைவர் ஒருவர் நெடுநேரம் அறிமுகவுரை ஆற்றுவர். அவ்வுரைகளைப் பொறுக்கமாட்டாமல், நாளடைவில் அவர் தம்மைத் தாமே அறிமுகம் செய்துகொள்ளலானார். இத்தொழிலை விட்டொழிப்பேன் என்று அவர் சூளுரைப்பார். கடனோ செலவோ மீண்டும் அவரை மேடையேற்றும்.

இனித் தாள் தொல்லைக்கு வருவோம். நினைவுக்காக ஒவ்வொரு பகுதியின் முதற்சொற்களையும் அவர் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்வது வழக்கம். அவை பதினொன்று. ஆயினும் அவற்றின் வரிசை நெஞ்சில் நில்லாது. தாளை அடிக்கடி நோக்க நேரும். ஒருநாள் தாள் காணாமற் போயிற்று. அன்று அவர் பட்ட துன்பத்திற்கு அளவில்லை. பிறகு, முதலெழுத்துகளைப் பத்து விரல் நகங்களிலும் மையால் எழுதிக்கொண்டு மேடையேறினார். சிறிது நேரத்தில் எந்த விரல் முடிந்தது, எது எஞ்சியது என்பது மறந்துவிட்டது. முடிந்த எழுத்தை நாவால் நக்கி அழிக்கவும் இயலவில்லை; அவ்வாறு செய்தால் அவையோரின் வியப்பு மிகுந்துவிடும்! அவையோர்க்கோ வியப்பு: இவர் சொல்லும் பொருளைவிடத் தம் நகங்களில் மிக்க நாட்டம் உடையவர் போலும் என்று எண்ணினர். முடிந்தபின் சிலர் வந்து, கைகளுக்கு என்ன கேடு என்றும் கேட்டனராம். இறுதியில் அவர் ஒரு வழி கண்டார். சொற்களுக்கு மாற்றாக ஆறு சிறு படங்களை வரைந்தார். வைக்கோற்போர் ஒன்று, அதன் அடியில் வளைந்து செல்லும் பாம்பு, சாய்ந்த கோடுகளும் ஒரு குடையும், ஒரு மின்னற்கீற்று. கோடுகள் ஓர் ஊரில் நாள்தோறும் பிற்பகல் வீசும் பெருங்காற்றைக் குறிக்கும். படங்களை வரைந்ததுமே அவை கண்ணில் பதிந்துவிட்டமையால் தாளைக் கிழித்தெறிந்தார். கால் நூற்றாண்டு சென்ற பின்னும் அப்படங்களால் அப்பேச்சை மீட்டுரைக்க முடிந்தது என்கிறார். அவ்வழியை நானும் பின்பற்றிப் பார்த்தேன். கண்ணப்பருக்கு ஒரு வில்லும் சம்பந்தருக்கு ஒரு கிண்ணமும் வரைந்தேன், பயன் உண்டு.

நகைச்சுவை மேடையில் அவருக்கு முன்னோடி ஆர்ட்டிமஸ் வார்டு என்னும் புனைபெயர் கொண்ட சார்லஸ் பிரௌன். தாம் சொல்வது நகைப்புக்குரியது என்பதே தமக்குத் தெரியாதவர்போல முகத்தை வைத்துக்கொண்டு பேசுவார். 1867ஆம் ஆண்டில், 32 வயதில், இங்கிலாந்தில் காசநோயால் மறைந்தார். மார்க் டுவெய்ன் அம்முறையைப் பேணி வளர்த்தார். நகை பிறக்கும் களங்கள் நான்கனுள் பேதைமையையும் ஒன்றாகத் தொல்காப்பியர் வைத்ததை இலக்கணம் பயின்றோர் அறிவர். அறிவிற் சிறந்த ஒருவர் பேதைமையை ஆடைபோல் உடுத்தி நிற்கும்போது பிறக்கும் நகைக்கு ஈடு இல்லை.

சொல்லைவிடச் சொல்லாத இடைவெளிக்கு அவர் அளித்த மதிப்பு வியப்பிற்குரியது. இளமையில், தம் மாமன் பண்ணையில் அடிமையாக வாழ்ந்த ஒருவரிடம் அவர் ஒரு பேய்க்கதை கேட்டிருந்தார். ஒருவன் மனைவிக்குப் பொன்னாலான கை. அவள் இறந்தபின் ஆசையால் அவன் புதைகுழியைத் தோண்டி அக்கையை எடுத்து வருகிறான். இரவில் காற்றோடு கலந்து ஒரு குரல் தொடர்கிறது: "என் பொற்கை யாரிடம்?" குரல் நெருங்குகிறது; வாயிலில் கேட்கிறது; படுக்கையருகே கேட்கிறது. அவ்விடத்தில் மார்க் டுவெய்ன் பேச்சை நிறுத்துவார். மெய்ம்மறந்து கேட்டிருக்கும் ஒரு சிறுமியை உற்று நோக்குவார். அவை மூச்சடக்கி நிற்கும். திடீரென அவளை நோக்கிக் கைநீட்டி, "உன்னிடம்தான்!" என்று கூவுவார். இடைவெளி சரியாக அமைந்தால் அவள் துள்ளி எழுவாள். இம்மியளவு நீண்டாலும் குறைந்தாலும் கதை பாழ். எழுதிய நூலை மேடையில் அப்படியே படித்தல் ஆகாது என்பதையும் அவர் பட்டறிந்தார். 1884, 1885ஆம் ஆண்டுகளில் ஜார்ஜ் கேபிள் என்னும் எழுத்தாளருடன் சேர்ந்து ஊர்கள் பலவற்றிற்குச் சென்றபோது, தம் நூற்பகுதிகளை மனப்பாடம் செய்து, எழுத்து நடையை உடைத்துப் பேச்சு நடையாக்கி, அப்பொழுதே தோன்றியதுபோல் சொன்னார். இயல்பாகத் தோன்றிய ஒவ்வொன்றும் பலநாள் உழைப்பு.

இவ்வளவு தேர்ந்தவர் பொருளியல் வாழ்வில் ஆழம் அறியாமல் இறங்கினார். இளமையில் எழுத்துக் கோத்த கையல்லவா? அச்சுக்கோக்கும் எந்திரம் ஒன்றனைப் பேய்ஜ் என்பார் உருவாக்கி வந்தார். அதில் 1880ஆம் ஆண்டு முதல் மேன்மேலும் பணத்தைக் கொட்டினார். பல்லாயிரம் உறுப்புகள் கொண்ட அவ்வெந்திரம் ஓடும், பின் நின்றுவிடும். அதற்குள் லினோடைப் எந்திரம் உலகை வென்றுவிட்டது. அவர் தொடங்கிய பதிப்பகமும் முதலில் ஓங்கியே நின்றது. உள்நாட்டுப் போரில் வென்ற படைத்தலைவரும் பின்பு குடியரசுத் தலைவருமான கிராண்ட், தொண்டைப் புற்றுநோயின் கொடுமையிடையே எழுதி முடித்த தன்வரலாற்றை வெளியிட்டு, 1886ஆம் ஆண்டில் அவர்தம் மனைவிக்கு 2,00,000 டாலர் காசோலை அளித்தது அப்பதிப்பகமே. ஆயினும் பின்னர்க் கடன் பெருகி, 1894ஆம் ஆண்டு ஏப்ரல் 18ஆம் நாள் அது நொடித்துப்போயிற்று. கடன் கொடுத்தோர் 96 பேர். சராசரியாக ஒவ்வொருவர்க்கும் ஏறத்தாழ ஆயிரம் டாலர் என அவர் கணக்குச் சொல்கிறார்.

'மஞ்சள் கடிதம் கொடுத்தல்' என்று நம்மவர் வழங்குவது போன்ற வழி அங்கும் உண்டு. உள்ளதை ஒப்படைத்துவிட்டால், ஒரு பகுதியைப் பெற்றுக்கொண்டு கடன்காரர் விட்டுவிட வேண்டியதுதான். வணிக உலகம் அதனை இழிவாகக் கருதவில்லை. ஆனால் அவர் மனைவி ஒலிவியா அம்மையார், ஒரு காசும் குறையாமல் கொடுத்தாக வேண்டும் என்றார். கணவரின் உள்ளமும் அதுவே. நண்பர் ஹென்றி ராஜர்ஸ் கணக்குகளை ஒழுங்கு செய்து உதவினார். பணத்திற்கு வழி? வெறுத்து ஒதுக்கிய மேடைதான்.

1895ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், அறுபதை எட்டும் அகவையில், பிளவைக் கட்டியால் பல நாள் படுக்கையில் கிடந்து எழுந்த மனிதர் உலகப் பயணம் புறப்பட்டார். மனைவியும் நடுமகள் கிளாராவும் உடன் சென்றனர். மூத்த மகள் சூசியும் இளையவள் ஜீனும் எல்மைரா என்னும் ஊரில் உறவினரிடம் தங்கினர். அமெரிக்காவின் வடபகுதியைக் கடந்து ஆகஸ்டுத் திங்களில் கப்பலேறினார். 29 ஆண்டுகளுக்குமுன் தமக்கு முதற்பேச்சு தந்த ஹவாய்த் தீவை மீண்டும் காணவும், அங்கே பேசவும் ஆவலோடு வந்தார்; அங்கு வாந்திபேதி பரவியிருந்தமையால் கரையிறங்க இயலவில்லை. கப்பல் தளத்தில் நின்றபடியே பார்த்துவிட்டுச் சென்றார். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, இலங்கை ஆகியவற்றைக் கடந்து 1896 ஜனவரியில் பம்பாய்க்கு வந்தார். இருமலும் காய்ச்சலும் வாட்டின. உடல் தேறியதும் எழுந்து பேசினார். அம்மை நோய்க்கு ஊசி குத்திக்கொள்வதுபோல ஒவ்வொரு குற்றத்தையும் ஒருமுறை செய்துவிட்டால் அது மறுபடி நம்மை அணுகாது என்று, அறவுரை கூறும் முகத்தோடு தொடங்குவார். அந்நூலில் தம் கதைகளைக் கோத்துக்கொண்டே போவார். அலகாபாத், காசி, கல்கத்தா, இலக்னோ, இலாகூர் எனப் புகைவண்டியில் இரண்டு திங்களுக்கு மேல் சுற்றினார். மார்ச்சு இறுதியில் கல்கத்தாவிலிருந்து கப்பலேறி, நம் சென்னையில் ஒருநாள் தங்கி, இலங்கை வழியாக மொரீசியஸ் சென்று, தென்னாப்பிரிக்காவை அடைந்தார். நூற்றுக்கு மேற்பட்ட இரவுகள் மேடையேறிய அப்பயணம் 1896 ஜூலை 31ஆம் நாள் இங்கிலாந்தின் சவுத்தாம்டன் துறைமுகத்தில் முடிந்தது.

மகளிர் இருவரும் அங்கு வந்து சேர வேண்டும். வந்ததோ, சூசிக்கு உடல்நலம் சற்றுக் குறைவு என்னும் மடல். தாயும் கிளாராவும் உடனே அமெரிக்காவுக்குக் கப்பலேறினர். அவர்கள் நடுக்கடலில் செல்லும்போது, ஆகஸ்டு 18ஆம் நாள், மூளைக் காய்ச்சலால் சூசி உயிர் நீத்தாள். வயது 24. இங்கிலாந்தில் ஒரு வாடகை வீட்டில் தனியே நின்ற தந்தையின் கையில் தந்தி வந்தது. கப்பலில் இருக்கும் மனைவிக்கு ஒரு சொல்லும் தெரிவிக்க அந்நாளில் வழியில்லை.

குடும்பத்தார் இலண்டனில் ஒரு வீட்டில் ஒதுங்கி வாழ்ந்தனர். அங்கே அமர்ந்து அவர் தம் உலகப் பயண நூலை எழுதினார். 'ஃபாலோயிங் தி இக்குவேட்டர்' என்னும் அந்நூல் 1897ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதனைப் படித்துச் சிரிப்போர் பலர். நானும் சிரித்தேன்; எழுதிய காலத்தை அறிந்தபின் மறுமுறை படித்தபோது சில இடங்களில் சிரிப்பு வரவில்லை. மேடை வருவாயும் நூல் வருவாயும் சேர்ந்து 1898ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் கடன் முழுவதும் தீர்ந்தது. 1904ஆம் ஆண்டில் ஒலிவியா அம்மையாரும் மறைந்தார்.

1906ஆம் ஆண்டு ஏப்ரல் 19ஆம் நாள் நியூயார்க் நகரில் கார்னகி மண்டபத்தில் அவர் பேச ஒப்பினார். நீராவிக் கப்பல் கண்ட ராபர்ட் ஃபுல்டனின் நினைவு நிதிக்காக நடந்த கூட்டம் அது. அழைத்தவர், அச்சங்கத்தின் தலைவரும் படைத்தலைவர் கிராண்டின் மகனுமான பிரெடெரிக் கிராண்ட். அளிக்க முன்வந்த 1,000 டாலரை நிதியிலேயே சேர்த்துக்கொள்ளுமாறு மார்க் டுவெய்ன் சொல்லிவிட்டார். பணம் பெறும் மேடையில் இதுவே தாம் தோன்றும் கடைசி முறை என்றும் அன்று அறிவித்தார். அதற்கு முந்தைய நாள் விடியலில் நிலநடுக்கம் சான் பிரான்சிஸ்கோவைச் சிதைத்திருந்தது. எங்கும் தீப் பரவி எரிந்துகொண்டிருந்தது. நாற்பது ஆண்டுகளுக்குமுன் கடன்பட்ட அரங்கில் நடுங்கி நின்ற தம்மை ஏற்றுக்கொண்ட நகரம் அது. வீடிழந்து தெருவில் நின்ற அந்நகரத்துத் தாய் தந்தையர்க்காகவும் குழந்தைகளுக்காகவும் எழுபது வயது முதியவர் அவையோரிடம் உதவி வேண்டினார்.